‘எனக்கு வலது மூளை கம்மியாம்மா!’

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் எங்கள் பகுதிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ‘மூளைப் பயிற்சி’ டெமோ நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு சிறுவன் செய்தித்தாளைப் படித்தான். பந்துகளின் நிறத்தைச் சொன்னான். அசந்துபோய் அங்கேயே 3,500 ரூபாய் கட்டி, மகளுக்குக் கைரேகை டெஸ்ட் எடுத்தேன். ‘இடது மூளை 64 சதவீதம், வலது மூளை 36 சதவீதம், கற்பனைத் திறன் குறைவு’ என்று ரிப்போர்ட் வந்தது. அவள் குணத்தைப் பற்றி எழுதியிருந்தது அப்படியே அவள்தான். நடுமூளையைத் தூண்டும் மூன்று மாதப் பயிற்சிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் போய்வந்த பிறகு 52 மார்க்கிலிருந்து 74க்கு வந்துவிட்டான். மாமியார் சேர்த்துவிடு என்கிறார், கணவர் வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் மகள் டிராயிங் நோட்டைத் தொடுவதே இல்லை. கேட்டால், ‘எனக்கு வலது மூளை கம்மியாம்மா’ என்கிறாள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, சேர்க்க வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதே சரி. ஆனால் அந்த 25,000 ரூபாயைவிட என்னை வருத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான். ஒரு காகிதத்தில் இருந்த எண்ணை நம்பி, பன்னிரண்டு வயதுப் பெண் தனக்குப் பிடித்ததை விட்டுவிட்டாள். முதலில் அதைச் சரிசெய்வோம்.

அவள் வலக்கைப் பழக்கம் உள்ளவள் என்றால், பென்சில் பிடிக்கும் அந்தக் கையை அசைப்பதே இடது பாதி மூளைதான். உடலின் வலப்பக்கத்தை இடது பாதியும் இடப்பக்கத்தை வலது பாதியும் இயக்குகின்றன. நாளைக் காலை வாசலில் ஒரு சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். புள்ளிகளை எண்ண வேண்டும். கம்பி அடுத்து எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் என்று மனசுக்குள் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும். மாவு விரலிடுக்கில் அளவாக விழ வேண்டும். இதெல்லாம் ஒரு பாதி மூளையின் வேலை இல்லை. இரண்டு பாதிகளையும் இணைக்க நடுவில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட பட்டை ஒன்று இருக்கிறது. அது வழியாக இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன.

அப்படியானால் இந்த இடது, வலது கதை எங்கிருந்து வந்தது? உண்மையான ஒரு துண்டிலிருந்துதான் வந்தது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தால் ‘டான்’ என்ற ஒலி மட்டுமே வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சின் முக்கிய வேலைகள் இடது பாதியில் நடக்கின்றன என்று பின்னால் உறுதியானது. நூறு ஆண்டுகள் கழித்து, கடுமையான வலிப்பு நோய்க்காக அந்த இணைப்புப் பட்டையை வெட்டிவிட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார். இரண்டு பாதிகளும் சில வேலைகளை வெவ்வேறு விதமாகச் செய்வதைக் காட்டி, 1981இல் நோபல் பரிசு பெற்றார்.

கவனியுங்கள், ‘சில வேலைகள் ஒரு பக்கம் அதிகமாக நடக்கின்றன’ என்பதுதான் கண்டுபிடிப்பு. ‘சில மனிதர்கள் இடது மூளைக்காரர்கள், சிலர் வலது மூளைக்காரர்கள்’ என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 7 முதல் 29 வயது வரை உள்ள 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை வைத்து இதையே தேடிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் முழுவதுமே ஓங்கி நிற்கும் ஆட்கள் என்று ஒரு வகையினர் தென்படவில்லை. ஸ்கேனிலேயே கிடைக்காத சதவீதம் கைரேகையில் எப்படிக் கிடைக்கும்? ரேகை, கருவில் மூன்றாவது மாத வாக்கில் உருவாகத் தொடங்கிப் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோகிறது. மூளை இருபது வயதைத் தாண்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது. 64, 36 என்பவை உங்கள் மகளை அளந்து வந்த எண்கள் இல்லை.

‘அப்படியே அவள்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன், எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே ரிப்போர்ட் என்று. கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டின் குணநலப் பக்கத்தை, ‘இது உன்னுடையது’ என்று சொல்லி உங்கள் தங்கை மகளுக்கோ அண்ணன் மகனுக்கோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் மகளும் பக்கத்தில் இருந்து அதைப் பார்க்கட்டும்.

சரி, கண்ணைக் கட்டிப் படித்த பையன்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஏனென்றால் நான் வகுப்பில் சொல்லித்தரும் உளவியலின் மையமே இதில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் பன்னிரண்டு தட்டு. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காசு வாங்கியதில்லை, ஏமாற்றும் எண்ணமும் இல்லை. அவர் பக்கத்தில் இல்லாதபோதுகூட மற்றவர்கள் கேட்டால் அது சரியாகச் சொன்னது. பார்த்த அறிஞர்களுக்கே குழப்பம். 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் கேள்வி கேட்கும் முறையை மட்டும் மாற்றினார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரைக்குக் கணக்கு வரவில்லை. கேட்பவர் கண்ணில் படாமல் நின்றபோதும் வரவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தன்னை அறியாமலே தலையை ஒரு நூல் அளவு அசைத்திருக்கிறார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் நம்பியது தவறு. புதுமருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று டாக்டருக்கும் தெரியாமல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

டெமோ பையனுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கண்கட்டுத் துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குத் தண்டின் இரு பக்கமும் சின்ன இடைவெளி இருக்கும். கீழே பார்த்தால் மடியில் இருக்கும் தாள் தெரியும். நீங்களே இப்போது ஒரு துப்பட்டாவைக் கட்டிப் பாருங்கள். பிறகு தாடைக்குக் கீழே ஓர் அட்டையைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒன்றும் தெரியாது.

ஒரு வேண்டுகோள். எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெரியவர்கள் பணம் கட்டிக் கைதட்டக் காத்திருக்கும்போது, ‘எனக்கு இடுக்கு வழியாகத் தெரிகிறது’ என்று சொல்ல ஒரு குழந்தைக்கு வழி கிடையாது. அவனை நான்கு பேர் நடுவில் நிறுத்தினால் காயப்படுவது அவன்தான்.

நடுமூளையைத் தூண்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. மூளை கிட்டத்தட்ட ஒரு கிலோ முந்நூறு, நானூறு கிராம் எடை. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். நடுமூளை என்பது மூளைத் தண்டின் மேல்பகுதியில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சின்னப் பகுதி. திடீரென்று சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் கண்ணும் தலையும் திரும்புகின்றனவே, அதில் அதற்குப் பங்கு உண்டு. அதிலிருக்கும், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழியும்போதுதான் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்குகிறது. உங்கள் மகளின் நடுமூளை அவள் பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டே இருக்கிறது. யாரும் வந்து அதை எழுப்ப வேண்டியதில்லை.

அப்புறம் அந்த 74 மார்க். உங்கள் மாமியாரின் மனசில் நிற்பது அதுதான் என்று நினைக்கிறேன். பையனை எப்போது சேர்த்தார்கள்? 52 வாங்கிய பிறகுதானே? மார்க்கில் படிப்பும் இருக்கிறது, அன்றைய வயிற்றுவலியும் தூக்கமின்மையும் வராத கேள்விகளும் இருக்கின்றன. மிகவும் இறங்கிய ஒரு தேர்வுக்கு அடுத்தது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் ஏறும். தாயம் ஆடும்போது ஓர் ஆட்டம் முழுக்கச் சின்ன எண்களாக விழுந்தவருக்கு அடுத்த ஆட்டத்தில் அதைவிட நன்றாக விழவே வாய்ப்பு அதிகம். அதற்காகக் கட்டை எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. அதோடு, மூன்று மாதம் அந்தப் பையன் தினமும் ஓர் இடத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கிறான், போன் கையில் இல்லை, வீட்டில் எல்லோரும் அவன் படிப்பையே பேசியிருக்கிறார்கள். மார்க்கை ஏற்றியது எது?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். நூறு பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஐம்பது பேருக்கு இந்தப் பயிற்சி, ஐம்பது பேருக்கு அதே நேரம் செஸ்ஸோ கதைப் புத்தகமோ. விடைத்தாள் திருத்துபவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியக்கூடாது. முதலாம் ஆண்டு உளவியல் மாணவர்கள் கனவைப் பற்றியும் மனசைப் படிப்பதைப் பற்றியும் கேட்க ஆசையோடு வருவார்கள். நான் இந்தச் சீட்டுக் குலுக்கலில்தான் தொடங்குவேன். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கியதிலிருந்து இந்தத் துறை நம்பி நிற்பது இப்படிப்பட்ட பொறுமையைத்தான். அந்த நிலையத்தார் மறுபடி போன் செய்தால், ‘சேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள்.

மார்க் ஏற வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி ஒன்று இருக்கிறது, காசும் ஆகாது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை ஒரு பாடத்தை நான்கு முறை படிக்க வைத்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. ‘நேத்து எல்லாம் தெரிஞ்சுதும்மா, பரீட்சையில மறந்துபோச்சு’ என்று பிள்ளைகள் அழுவது பொய் இல்லை. நேற்று தெரிந்தது உண்மைதான்.

இந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள். புத்தகம் அவர் கையில் இருக்கட்டும், பேத்தி பார்க்காமல் சொல்லட்டும். மூன்று நாள் விட்டு அதே பாடம், பிறகு ஒரு வாரம் விட்டு. எழுத்துகளைக் கலைத்துப் படிப்பது, மிகவும் தடுமாறி எழுதுவது போல ஏதாவது உண்மையாகவே தெரிந்தால், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, டிராயிங் நோட்டைத் திறக்க வைக்கும் ஒரு வேலை. நான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் உலோகத்தில் நட்சத்திரப் பாதை, எதிரே நிமிர்ந்த கண்ணாடி, கையை மறைக்க ஒரு தகடு. கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு குச்சியால் பாதையைச் சுற்றி வர வேண்டும். முதல் தடவை என் கை முனையில் போய் நின்றுகொண்டு அசைய மறுத்தது. மேலே போக நினைத்தால் கீழே போகும். வியர்த்துவிட்டது. நான்காம் நாள் சரசரவென்று சுற்றினேன்.

இதே நட்சத்திரத்தை எச்.எம். என்று ஆய்வுலகம் அழைத்த ஹென்றி மொலைசன் என்பவரும் வரைந்தார். வலிப்புக்காக 1953இல் அவருக்கு மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பாகம் எடுக்கப்பட்டது. அதன் பிறகு புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மூன்று நாள் தொடர்ந்து அவரை இந்த நட்சத்திரத்தை வரைய வைத்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. அவரோ ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகப் பார்ப்பதாகவே நம்பினார். அவருக்கு நினைவில்லாததை அவர் கை கற்றுக்கொண்டிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நம் வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் இப்படி ஒரு கண்ணாடியையும் ஒரு பெட்டியையும் வைத்துத்தான், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை ஆராய்ந்தார்.

உங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். டிராயிங் நோட்டில் அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரத்தை அவளையே வரையச் சொல்லுங்கள், ஐந்து நாளைக்கு ஐந்து. கண்ணாடியை எதிரே நிறுத்தி, கைக்கு மேலே ஓர் அட்டையைப் பிடியுங்கள். போனில் நேரம் பாருங்கள், கோட்டைத் தாண்டிய இடங்களை எண்ணுங்கள். தினமும் ஒரு தடவை அவள், ஒரு தடவை நீங்கள், முடிந்தால் பாட்டியும். ஆளுக்கொரு பக்கம் போட்டுத் தேதியோடு குறித்துவையுங்கள். ஐந்தாம் நாள் முடிந்ததும் அந்தக் கணக்கை அவள் கையெழுத்திலேயே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் நாள் நட்சத்திரத்தையும் கிழித்து உடன் வையுங்கள்.