குளிர்நாட்டில் தார் டிரைவ்வே: அடியில் எவ்வளவு ஜல்லி, மேலே எவ்வளவு தார், பிறகு எப்படிப் பராமரிப்பது?

குளிர்நாட்டில் வீட்டுக்குத் தார் டிரைவ்வே (தெருவிலிருந்து கராஜுக்குக் கார் வரும் பாதை) போட நினைக்கும் ஒருவர், இரண்டு ஒப்பந்தக்காரர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார். இப்போதுள்ள சரளைத் தரைமேலேயே 2 அங்குலம் தார் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். ஓர் அடிக்கு மேல் தோண்டி ஜல்லி நிரப்பிய பிறகுதான் தார் என்கிறார் இன்னொருவர். அடியில் களிமண், வருடத்தில் பல மாதம் உறைபனி என்றால் இரண்டாமவர் சொல்வதுதான் சரி. முதலாமவர் சொல்கிறபடி போட்டால் சில குளிர்காலங்களிலேயே விரிசல் விடும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தரையைத் தூக்குவது அது மட்டும் அல்ல. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உறைகிற மண் கீழிருந்து தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகி, மேலே உள்ளதை நெம்பும். வசந்தத்தில் மேல்பகுதி முதலில் உருகுகிறது. அதற்குக் கீழே இன்னும் கட்டியாக இருப்பதால் உருகிய நீர் வடிய வழியில்லாமல் மண் சேறாகிறது. அந்தச் சேற்றின்மேல் கார் ஏறும்போது தார் வளைந்து உடைகிறது. ஆக, டிரைவ்வே பெரும்பாலும் கெடுவது கடுங்குளிரில் அல்ல, பனி உருகும் வாரங்களில்தான். குளிரை நாம் மாற்ற முடியாது. தண்ணீரையும் மண்ணையும் மாற்றலாம்.

களிமண்ணோ வண்டல் மண்ணோ இருந்தால் இறுக்கிய பிறகு 10 முதல் 12 அங்குலம் ஜல்லி இருக்க வேண்டும். தானாகவே நீர் வடியும் மணல், சரளை மண்ணாக இருந்தால் 6 முதல் 8 அங்குலம் போதும். தோண்டும்போது கறுப்பான மேல்மண், வேர் எதையும் விட்டுவைக்காதீர்கள். அவை மக்கி அந்த இடம் அமுங்கும். தோண்டி முடித்ததும் பாரம் ஏற்றிய டிப்பரை அதன்மேல் மெதுவாக ஓட்டச் சொல்லி, டயருக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மெத்தைபோல அமுங்கி மறுபடி எழும்பினால் அந்த இடத்தில் மண் ஈரம். அதை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி போட வேண்டும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதை வேண்டாம் என்கிற ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரை அடி ஏற்றி விடுங்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் களிமண் ஜல்லிக்குள் ஏறிவிடும். நீங்கள் போட்ட 12 அங்குலம் நாளடைவில் 8 அங்குலம்போலத்தான் வேலை செய்யும். கிரஷரில் உடைத்த ஜல்லியே வேண்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளாமல் நழுவும். ஜல்லியில் தூளும் கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறுகாது. ஆனால் மாவுபோன்ற நுண்தூள் 7, 8 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4 அங்குலம் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஒரே தடவையில் 12 அங்குலத்தையும் கொட்டி மேலே ரோலர் விட்டால் அடிப்பாகம் இறுகவே இறுகாது. ஜல்லித்தளம் தாரின் ஓரத்தைத் தாண்டி இருபுறமும் ஓர் அடி வெளியே போகட்டும். ஓரம் உடைவதற்கு முக்கியக் காரணம் அங்கே கீழே தாங்க எதுவும் இல்லாததுதான்.

தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) 2 சதவீதம், அதாவது 10 அடிக்குச் சுமார் இரண்டரை அங்குலம், கராஜிலிருந்து வெளிப்பக்கமாக. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை டிரைவ்வேயின் ஓரத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். மேட்டுப்பக்கத்திலிருந்து நீர் கசிந்து வருமானால், துளையுள்ள குழாயை ஜல்லிக்குள் புதைத்துப் பள்ளமான பக்கம் வடிய விட வேண்டும்.

இனி தார். இரண்டு அடுக்காக, கீழே பெரிய கல் கலந்தது 2 அங்குலம், மேலே பொடிக்கல் கலந்தது ஒன்றரை அங்குலம். ஒப்பந்தத்தில் ‘ரோலர் ஓட்டிய பிறகு உள்ள கனம்’ என்று எழுதி வாங்குங்கள். விரிக்கும்போது 4 அங்குலம் இருப்பது இறுகியதும் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும். 600 சதுர அடிக்கு 3 அங்குலத் தார் சுமார் 10 டன், 10 அங்குல ஜல்லி சுமார் 30 டன். வருகிற லாரியின் எடைச்சீட்டைப் பார்த்தாலே கனம் சரியா என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கலவையில் உள்ள தாரின் தரத்தையும் கேளுங்கள். பிஜி 58-28 என்றால், சாலையின் வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் வரை போனாலும் இளகாது, மைனஸ் 28 வரை இறங்கினாலும் குளிரில் வெடிக்காது என்ற கணக்கில் தயாரித்தது. அதைவிடக் கடும் குளிர் வரும் இடத்துக்கு 58-34 கேட்க வேண்டும்.

காற்றின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில்தான் போட வேண்டும். கலவை தயாரிக்கும் பிளாண்டிலிருந்து 150 டிகிரி அளவில் கிளம்பும் கலவை 80 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் இறுகாது. உள்ளே காற்றிடைவெளி தங்கி, அதில் நீர் புகுந்து, உறைந்து, கற்கள் உதிரும். லாரியில் வந்த கலவை பளபளவென்று கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக, மேலே ஏடு கட்டிக் கட்டிகட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது, திருப்பி அனுப்புங்கள். குளிர்காலத்துக்கு முன் அவசரமாகக் கடைசி வாரத்தில் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிட்டு வசந்தத்துக்குப் பிறகு போடுங்கள்.

போட்டபின் மூன்று நாள் காரை ஏற்ற வேண்டாம். முதல் கோடை முழுவதும், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். பைக் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வையுங்கள்.

சீல் கோட்டை (தாரின்மேல் அடிக்கும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்து அடித்தால் போதும், பிறகு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை. வருடாவருடம் அடித்தால் ஏடு ஏடாக உரியும். வெயிலில் தார் காய்வதையும், எண்ணெய் சிந்தினால் கரைவதையும் அது தடுக்கும். பலம் எதையும் கூட்டாது. நிலக்கரித் தார் கலந்ததைத் தவிர்த்து, அஸ்பால்ட் எமல்ஷன் (பெட்ரோலியத் தாரைத் தண்ணீரில் கலந்தது) வகையை வாங்குங்கள். முன்னதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் மிக அதிகம்.

சீல் கோட்டைவிட முக்கியம் விரிசல் அடைப்பது. கால் அங்குல அகலம் வந்துவிட்டால் குளிர்காலத்துக்கு முன் கட்டாயம் அடைக்க வேண்டும். புல்லைப் பிடுங்கி, கம்பி பிரஷால் தேய்த்து, தூசியை ஊதி, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர் கலந்த ஃபில்லரை ஊற்றுங்கள். ஈரத்தில் ஊற்றியது ஒட்டாமல் அப்படியே கயிறுபோலக் கழன்று வரும். ஆழமான விரிசலில் மேலே அரை அங்குலம் விட்டு, கீழ்ப்பகுதியைக் காய்ந்த மணலால் நிரப்பிக்கொள்ளலாம். முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக விரிசல் விட்டிருந்தால் ஃபில்லரும் சீல் கோட்டும் வீண். அங்கே கீழே ஜல்லித்தளமே போய்விட்டது, அந்தப் பகுதியை வெட்டியெடுத்து அடியிலிருந்து மறுபடி போட வேண்டும்.

பனி தள்ளும் பிளேடைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி வையுங்கள். அள்ளிய பனியைப் பள்ளமான பக்கம் குவியுங்கள். மேட்டில் குவித்தால் பகலில் உருகி டிரைவ்வே முழுக்க ஓடி, இரவில் அதன்மேலேயே உறையும். சாதாரண உப்பு தாரை அரிக்காது, ஆனால் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அதற்கு அவ்வளவாக வேகம் இல்லை. அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு வேலை செய்யும். வழுக்காமல் இருந்தால் போதுமென்றால் மணலே போதும்.