மல்லித் தோட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போகணும்?

கேள்வி: அக்கா, மே லீவுக்கு நிலக்கோட்டை பக்கம் எங்க சின்ன மாமனார் தோட்டத்துக்குப் போறோம். மல்லிப்பூவும் கொஞ்சம் வெண்டை, கத்தரியும் போட்டிருக்காங்க, ஆள் வைக்காம குடும்பமே வேலை பாக்குறாங்க. பசங்களுக்கு 10 வயசு, 7 வயசு. காலைல டிபன் முடிச்சிட்டு 9 மணிக்குப் போனா சரியா இருக்குமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: 9 மணிக்குப் போனா செடியில பூ இருக்காதும்மா. முந்தின நாளே போய் ராத்தங்கிடுங்க. மல்லிய மொட்டாத்தான் எடுக்கணும், சாயங்காலம் அதுவா விரியும், அதனால விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்ட மாட்டிக்கிட்டு மடியக் கட்டிக்கிட்டு இறங்கிடுவாங்க. போன சித்திரையில எங்க அத்தை தோட்டத்துல நானும் 4 மணிக்கு எழுந்து போனேன், அந்த இருட்டுல வாசம் வர்ற திசையில செடி இருக்குன்னு தெரிஞ்சது, இன்னும் மறக்கல.

ஆனா இருட்டுல பிள்ளைங்கள இறக்காதீங்க, பூச்சி பொட்டு இருக்கும். வெளிச்சம் வந்ததும் செருப்பு போட்டு, முழுக்கை சட்டையோட விடுங்க, வெண்டைச் செடியோட சுணை பட்டா கை அரிக்கும். எந்த மொட்டு எடுக்கணும்னு முதல்லயே காட்டிக் கொடுக்கச் சொல்லுங்க. நல்லா வெளுத்துத் திரண்ட மொட்டு மட்டும்தான், பச்சை மொட்டு நாளைக்கு நாளான்னிக்கு வர்றது, அதக் கிள்ளிட்டா அவங்களுக்கு நஷ்டம். விரிஞ்ச பூ கலந்தாலும் மார்க்கெட்ல விலை குறைச்சுடுவாங்க. வெண்டையும் அப்படித்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலன்னா முத்திப்போயிடும், நுனிய ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும். ஒடிச்சத பிள்ளைங்க அப்படியே வாயில வைக்கும், அதனால மருந்து எப்போ அடிச்சாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கங்க, இது ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயம். கோடையிலதான் மல்லி கொட்டும், அப்பத்தான் விலையும் விழும். மார்கழி, தையில பனியால வரத்து குறைஞ்சு கிலோ ஆயிரத்தத் தாண்டி 2,000, 3,000னு போற அதே பூ, இப்போ சில நூறுக்கு வந்துடும், சில நாள் சென்ட் கம்பெனிக்குத்தான் போகும். 2013ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு கிடைச்சது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனா காலைல எடுத்த பூவ அன்னிக்கே வித்தாகணும்ங்கற அவசரம் அவங்களுக்கு மாறவே இல்ல. அதனால 6, 7 மணி வாக்குல உக்கார வச்சு கதை கேக்காதீங்க, கூட நின்னு நீங்களும் ரெண்டு கை எடுங்க, பேச்செல்லாம் மதியம் திண்ணையில வச்சுக்கலாம்.

காய்க்கு காசு நீட்டினா சின்ன மாமனார் வாங்க மாட்டாரு, சங்கடப்படுவாரு. வீட்டுக்கு வேண்டிய மளிகை ஏதாவது வாங்கிட்டுப் போங்க. பசங்க எடுத்த பூவத் தனியா ஒரு பையில போட்டு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, தராசுல எத்தனை கிராம் நிக்குது, கமிஷன் போக எவ்வளவு கைக்கு வருதுன்னு அவங்களே பாக்கட்டும்.