பதில்: மருந்து ஊற்றியும் வெள்ளைப்புள்ளி போகவில்லை

தம்பி, சுங்கை சிப்புட்டில் உங்கள் தொட்டி மீனுக்கு வெள்ளைப்புள்ளி, மருந்து ஊற்றி நீலமான தண்ணீர் மறுநாளே தெளிந்துவிட்டது, புள்ளி மட்டும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கறுப்புக் கரிதான் மருந்தை உறிஞ்சியிருக்கிறது. இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். பஞ்சில் கைவைக்க வேண்டாம், நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. பிறகு மருந்தை அட்டையில் எழுதியிருக்கிறபடி முழுதாக ஊற்றி முடியுங்கள். மீன் உடம்பை விட்டு நீந்தும் கிருமியைத்தான் அது கொல்லும், புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும்.

முடிந்தபின் புதுக் கரியை, கறுப்புத் தூள் போக அலசிப் போடுங்கள். மிச்ச மருந்தை இழுத்துவிடும். தொட்டியில் போடும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையின் மஞ்சளையும் எடுக்கும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை எடுக்காது, அதற்குத் தண்ணீர்தான் மாற்ற வேண்டும். சாத்தே சுடுகிற கரி மட்டும் வேண்டவே வேண்டாம்.