மொழி கேள்வி–பதில்: உணவுக்குச் சொல்லும் ‘ரிக்கோ’வை ஆளுக்குச் சொல்லலாமா?

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரிபவர்களில் பெரு நாட்டவர் சிலர் இருப்பதால் ஸ்பானிஷ் கற்று வருகிறேன். ‘ரிக்கோ’ என்றால் பணக்காரர் என்று பாடத்தில் இருந்தது. ஆனால் நான் வைத்த மீன்கறியைச் சாப்பிட்டவர்கள் ‘கே ரிக்கோ!’ என்கிறார்கள். பாராட்டுச் சொல்தானே என்று துறைமுகக் கடையில் ஒரு பெண்ணிடம் சொல்லப்போனபோது, அவர்களில் மூத்தவர் ஒருவர் என்னைத் தடுத்துவிட்டார். காரணம் என்ன? 
– வாசகர், குளச்சல்

பதில்: தடுத்தவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள், அவர் உங்களைப் பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்.

உங்கள் பாடம் சொன்னது சரியே. செல்வம் உடைய, வளம் மிகுந்த என்பதே அச்சொல்லின் முதற்பொருள். கோஸ்டா ரிக்கா என்றால் வளமான கரை, புவெர்ட்டோ ரிக்கோ என்றால் வளமான துறைமுகம். கரையைக் குறிக்கும் சொல் ஸ்பானிஷில் பெண்பால் என்பதால் அங்கே ‘ரிக்கா’ ஆகிறது. துறைமுகம் ஆண்பால் என்பதால் ‘ரிக்கோ’வாகவே நிற்கிறது. மீனில் புரதம் மிகுதி என்று சொல்லவும் இதே சொல் பயன்படும்.

உணவுக்கு வரும்போது ‘சுவையான’ என்ற பொருள் வந்துவிடுகிறது. ஸ்பானிஷில் ‘இரு’ என்பதற்கு ‘செர்’, ‘எஸ்தார்’ என இரண்டு வினைகள் உண்டு. இயல்பைச் சொல்ல முதலாவதும், அப்போதுள்ள நிலையைச் சொல்ல இரண்டாவதும் பெரும்பாலும் வரும். ‘எஸ்’ என்பது ‘செர்’ வினையின் வடிவம், ‘எஸ்தா’, ‘எஸ்தாஸ்’ என்பவை ‘எஸ்தார்’ வினையின் வடிவங்கள். ‘ஹுவான் எஸ் ரிக்கோ’ என்றால் ஹுவான் பணக்காரர். நம்மூர் மரச்சீனிக்கு அவர்கள் மொழியில் ‘யூக்கா’ என்று பெயர். மீன்கறியோடு அதை வைத்துக் கொடுத்தால் ‘லா யூக்கா எஸ்தா ரிக்கா’ என்பார்கள், அதாவது கிழங்கு ருசியாக இருக்கிறது. ஆனால் வினையை மட்டும் வைத்துப் பொருளை முடிவு செய்துவிட வேண்டாம். பெரு நாட்டுச் சமையல் பொதுவாகவே சுவையானது என்று சொல்லும்போது ‘செர்’ வினையும் வரும். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஒரு பெண்ணைப் பார்த்து ‘எஸ்தாஸ் ரிக்கா’ என்றால், உணவின் சுவையைக் குறித்த சொல் அவருடைய உடலின் மேல் விழுகிறது. காமம் தொனிக்கும் கொச்சைப் பேச்சு அது. லாரியில் ஏறும் பொருளைச் ‘சரக்கு’ என்பதில் குற்றமில்லை, ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் எவ்வளவு இழிவோ, ஏறக்குறைய அவ்வளவு இழிவு இதிலும் உண்டு. கணவன் மனைவிக்குள் அது கொஞ்சலாக இருக்கலாம். ஸ்பெயினில் குழந்தையைக் கொஞ்சும்போது ‘கே ரிக்கோ!’ என்பதும் உண்டு. அறிமுகமில்லாதவரிடம் அது அவமதிப்பே. மொழி தெரியாமல் சொன்னோம் என்ற சமாதானம் கேட்டவருடைய மனவருத்தத்தைப் போக்காது.

‘நல்ல’ என்று பொருள்படும் ‘புவெனோ’விலும் இதே கவனம் தேவை. ‘எஸ் புவெனா’ என்றால் அவர் நல்லவர். ஒரு பெண்ணைக் குறித்து ‘எஸ்தா புவெனா’ என்றால் பெரும்பாலும் அவருடைய உடற்கவர்ச்சியைப் பற்றிய பேச்சாகிவிடும். இந்த வேறுபாட்டைத் தொடக்கப் பாடங்கள் சில தயங்கி விட்டுவிடுகின்றன. கற்பவருக்கு அது தீங்கு என்பதே என் கருத்து. 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதிய சொல்லைப் பார்க்கும்போது, பேச்சுவழக்கு, கொச்சை என்பவற்றைக் காட்டும் சுருக்கக் குறிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

உச்சரிப்பு உங்களுக்குக் கடினமாக இராது. சொல்லின் முதலில் வரும் இந்த ரகரத்தை நாக்கு அதிர ஒலிக்க வேண்டும். எழுத்தில் ‘ரிக்கோ’ என்று எழுதினாலும் ஒலி றகரத்தை ஒட்டியது. கரியையும் கறியையும் வேறுபடுத்திப் பேசும் குமரி மாவட்டத்தாருக்கு அது எளிதில் வரும்.

கடையில் உதவிய பெண்ணைப் பாராட்ட விரும்பினால் ‘கிராசியாஸ், முய் அமாப்லே’ என்று சொல்லுங்கள். ‘நன்றி, மிகவும் அன்பு’ என்ற அந்தச் சொற்கள் ஆண், பெண் யாரிடமும் மாற்றமின்றிப் பொருந்தும்.