ஆடிஷனுக்குப் போகிறவர்களுக்கு: நாடக மேடை கேள்வி – பதில்

(நாடகக் குழுக்களின் நடிகர் தேர்வு, நாடகம் பயில்பவர்களுக்கான உதவித்தொகை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் தமிழ் நாடகங்களை இயக்கிவரும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 27. பள்ளி ஆண்டு விழாவோடு நடிப்பு நின்றுவிட்டது. அடுத்த மாதம் ஒரு தமிழ் நாடகக் குழு ஆடிஷன் வைக்கிறது. என்ன கேட்பார்கள்? எதைத் தயார் செய்துகொண்டு போவது?
– வாசகி, பெரம்பூர்

முதலில், கட்டாயம் போங்கள். பள்ளியோடு நின்றுபோனதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னையில் பல குழுக்களில் நடிப்பவர்கள் பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ, உங்களைப் போலக் கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்திருப்பவர்கள்தான். வேலை முடிந்து, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒத்திகைக்கு வந்து சேர்பவர்கள்.

குழுவுக்குக் குழு முறை மாறும். ஆனாலும் பெரும்பாலும், நீங்களே தயார் செய்த ஒன்றிரண்டு நிமிடப் பகுதியைச் செய்துகாட்டச் சொல்வார்கள். பிறகு அங்கேயே ஒரு தாளைக் கையில் கொடுத்து, இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் நாலைந்து பேரை நிறுத்தி ஒரு சூழ்நிலையைச் சொல்லி, ஸ்கிரிப்ட் இல்லாமல் நடிக்கச் சொல்வதும் உண்டு.

தயார் செய்யும் பகுதிக்கு சினிமா வசனம் வேண்டவே வேண்டாம். நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் அந்த நடிகரின் குரல்தான் ஒலிக்கும். ஒரு சிறுகதையிலிருந்து ஒரு பாத்திரம் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கும் உங்கள் வாய்க்கும் பொருந்துகிற பகுதியாக இருக்கட்டும். பாத்திரம் யாரிடம் பேசுகிறது, அந்த ஆளிடமிருந்து அதற்கு என்ன வேண்டும் என்ற இரண்டும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் போதும். பெரம்பூர்ப் பேச்சை மறைத்துக்கொள்ளவும் வேண்டாம். பாத்திரம் கேட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. செய்துகாட்டி முடித்ததும் இயக்குநர் ஏதாவது மாற்றிச் செய்யச் சொல்வார். உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தேர்வில் ஒரு பெண் அம்மாவோடு சண்டை போடும் பகுதியைச் செய்தார். நல்ல சத்தம், கண்ணில் தண்ணீர், எல்லாம் இருந்தது. "அதே வசனத்தை, பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே சொல்லுங்கள்" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து கைப்பையை நிஜமாகவே கவிழ்த்துவிட்டார். சாவி, சீப்பு, மடித்த ரசீதுகள் எல்லாம் விழுந்தன. ஒவ்வொரு நாணயமாகப் பொறுக்கிக்கொண்டே பேசியபோது குரல் தானாகத் தணிந்தது. "நீ என்னைக் கேட்டியா?" என்ற இடத்தில் கை அப்படியே நின்றது. முதல் தடவை அந்த வரி காதில் விழுந்ததோடு சரி. இரண்டாம் தடவை எங்கள் எல்லோரையும் தைத்தது. அவருக்குப் பின்னால் வந்தவருக்கு இன்னும் நல்ல குரல். ஆனால் அவரிடமும் இதையே சொன்னபோது, ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு முதலில் செய்ததை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் முடிவு செய்துவிட்ட ஏற்ற இறக்கத்தை அவரால் விட முடியவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது முதலாமவரை. ஒத்திகை என்பதே சொன்னதைக் காதில் வாங்கி, வேறு மாதிரி செய்து பார்க்கும் வேலை. இரண்டு மூன்று மாதம் அந்த வேலையைச் சேர்ந்து செய்ய முடிகிற ஆளைத்தான் எந்த இயக்குநரும் தேடுகிறார். அதனால் உங்கள் பகுதியை ஒரே விதமாக மனப்பாடம் செய்யாதீர்கள். துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள், படி ஏறிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், ரகசியமாகச் சொல்லிப் பாருங்கள்.

தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும்போது, உங்கள் வரி முடிந்ததும் அடுத்த வரியைத் தேடித் தாளுக்குள் தலையைப் புதைக்காமல் எதிரே வாசிப்பவரைப் பாருங்கள். அவர் சொல்வதைக் கேட்கிறீர்களா என்று கவனிப்போம். நடுவில் தடுக்கினால் "ஸாரி" சொல்லி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், தொடருங்கள். கைகால் வீசி நடக்க வசதியான உடையில் போங்கள். அப்புறம், ஒத்திகைக்கு எந்தெந்த நாளில் வர முடியாது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தேர்வான பிறகு இரவு ஷிப்ட் என்று சொல்வது மற்ற நடிகர்களின் உழைப்பையும் வீணாக்கும்.

மூன்று குழுக்களின் ஆடிஷனுக்குப் போனேன். மூன்றிலும் எடுக்கவில்லை. எனக்கு நடிப்பு வராது என்று நினைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

கூடாது. தேர்வு முடிந்த பிறகு அறைக்குள் நாங்கள் என்ன பேசுவோம் என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். அப்பா வேடத்துக்கு ஏற்கெனவே ஆள் முடிவாகியிருக்கும். அவருக்கு மகனாக நிற்க உங்கள் வயது ஒத்துவராது. இரண்டு பேர் குரலும் ஒரே சுருதியில் இருக்கும். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஐந்து வேடத்துக்கு நாற்பது பேர் வந்திருப்பார்கள். நன்றாக நடித்தவர்களை மனசில்லாமல் அனுப்பிவைப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

ஒன்று செய்யலாம். எடுக்கவில்லை என்று தெரிந்ததும், "மேடைக்குப் பின்னால் வேலை இருந்தால் வருகிறேன்" என்று அந்தக் குழுவுக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். மேடைப் பொருட்களைக் கவனிக்கவும், ஒளியமைப்பவருக்கு உதவவும், ஒத்திகையில் நாடகப் பிரதியைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்கவும் எந்தக் குழுவிலும் ஆள் போதாது. பிரதியோடு தினமும் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லோருடைய வசனமும் மனப்பாடமாகிவிடும். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இயக்குநர் முதலில் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். அடுத்த நாடகத்துக்கு ஆள் தேடும்போதும் அவர் முகம் ஞாபகத்தில் இருக்கும்.

என் மகளுக்கு 12 வயது. மூன்று வருடமாகத் தெருக்கூத்து கற்கிறாள். குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தாம்பரம்

உண்மைதான். மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்துக்குக் கீழே டெல்லியில் இயங்கும் சி.சி.ஆர்.டி. (பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம்) என்ற அமைப்பு, கலைத்திறன் தேடல் உதவித்தொகை என ஒன்றை நடத்துகிறது. 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். இசை, நடனம், ஓவியம் மட்டுமின்றி நாடகமும் மரபுக் கலைகளும் உண்டு. பரம்பரையாகக் கலையில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. தொகை வருடத்துக்கு 3,600 ரூபாய். அதோடு குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் வருடத்துக்கு 9,000 ரூபாய் வரை தருகிறார்கள். பெரிய பணம் இல்லை. ஆனால் முன்னேற்றத்தைப் பார்த்துத் தொடர்ந்து புதுப்பிப்பார்கள் என்பதால், பத்தாம் வகுப்பு வந்ததும் "கூத்தை நிறுத்து" என்று வீட்டில் பேச்சு எழும்போது பிள்ளைக்கு அது பெரிய தெம்பு.

வயது வரம்பு குறுகியது. பதினாலு தாண்டினால் வாய்ப்பு போய்விடும். எனவே இந்த வருட அறிவிப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கற்றுக்கொடுக்கும் ஆசிரியரிடமிருந்து, எந்தத் தேதியிலிருந்து பயிற்சி என்று தெளிவாகக் குறிப்பிட்டு ஒரு சான்றிதழ் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூத்து வாத்தியார்கள் பலர் இதுவரை யாருக்கும் இப்படி எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எழுத உதவுங்கள். தேர்வுக்கு மகளைத் தயார் செய்யும்போது அடவு மட்டும் போதாது. பாட்டின் பொருளும் அந்தக் கட்டத்தின் கதையும் அவள் தன் சொந்த வார்த்தையில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் பகுதி வீதி நாடகக் குழுவில் இருக்கிறேன். இப்போது வயது 22, பி.காம். முடித்துவிட்டேன். நாடகத்தையே மேலே படிக்க ஆசை. வீட்டில் பண வசதி கிடையாது. என்ன வழி?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு வழி இருக்கிறது.

இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை ஒன்றையும் பண்பாட்டு அமைச்சகம் தருகிறது. வயது 18 முதல் 25. தேர்வானால் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும். நாடு முழுவதற்கும் சேர்த்து 400 பேர். நாடகமும், பேசாமல் நடிக்கும் மைமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து வருடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எட்டாம் வகுப்பிலிருந்து கணக்குப் போட்டால் உங்களுக்கு அது தாராளமாக வரும். ஆனால் காகிதம் வேண்டும். வீதி நாடகக்காரர்களிடம் இல்லாதது அதுதான். உங்கள் குழுவின் மூத்தவரிடம் வருட வாரியாக எழுதி வாங்குங்கள். பழைய துண்டறிக்கை, அழைப்பிதழ், போட்டோ, செய்தித்தாள் துணுக்கு என எது யாரிடம் இருந்தாலும் வாங்கி, பின்னால் தேதியும் இடமும் வேடமும் எழுதி ஒரு ஃபைலில் போடுங்கள்.

நேர்முகத்தில் நடித்துக்காட்டச் சொல்வதோடு, கேள்வியும் கேட்பார்கள். உங்கள் குழு ஏன் வட்டமாக நின்று ஆடுகிறது, மேடை நாடகத்துக்கும் அதற்கும் நடிகரின் உடம்பில் என்ன வித்தியாசம், மைக் இல்லாமல் கூட்டத்தை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்களைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். செய்ததையே சொல்லுங்கள், பெரிய வார்த்தைகளைத் தேட வேண்டாம்.

படிப்பு என்றால், டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. 1959இல் தொடங்கிய பள்ளி. பட்டம் பெற்றிருக்க வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிய வேண்டும். மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு என்பதால் பண வசதி இல்லாதவர்களும் துணிந்து போகலாம். முதல் சுற்றில் தேறியவர்களைப் பல நாள் பயிற்சிப் பட்டறையில் வைத்துப் பார்த்துத்தான் இறுதித் தேர்வு செய்கிறார்கள். ஆக, பெரம்பூர் வாசகிக்குச் சொன்னது அங்கேயும் பொருந்தும்: பட்டறையில் பக்கத்தில் இருப்பவரோடு எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை யாரும் ஒளித்துவைக்க முடியாது. இந்தி தடையாக இருந்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கிய துறை அது. அங்கே முதுகலை படிக்கலாம். பி.காம். படித்தவர் நுழைய முடியுமா என்ற தயக்கம் வேண்டாம். சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நேரே துறைக்குப் போன் செய்து கேளுங்கள். ஆசிரியர்கள் வீதி நாடகத்திலிருந்து வரும் பிள்ளைகளை விரும்புகிறவர்கள்.

ஆடிஷனுக்குப் பெயர் பதிவு செய்ய 2,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, அம்பத்தூர்

கட்டாதீர்கள். பட்டறைக்குக் கட்டணம் வாங்குவது நியாயம், அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். நடிகரைத் தேர்ந்தெடுக்க நடிகரிடமே பணம் கேட்பவரிடம் நாடகம் இருக்காது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தனி வீட்டுக்கோ, ஓட்டல் அறைக்கோ, இரவு நேரத்திலோ தனியாக வரச் சொன்னால் போகவே வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா என்று கேளுங்கள். உருப்படியான குழு உடனே சரி என்று சொல்லும்.

என் மகன் வங்கி வேலைக்குப் போய்க்கொண்டே நாடக ஒத்திகைக்கும் ஓடுகிறான். கௌரவமான குடும்பத்துப் பையனுக்கு இது தேவையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
– வாசகி, மயிலாப்பூர்

அம்மா, இந்த ஊரில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு தொடங்கியது 1891இல். தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல். பின்னால் நீதிபதியாகவும் இருந்தார். அவரோடு மேடை ஏறியவர்களில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிறைய. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போய்விட்டு வந்து நாடகம் போடுவதைச் சென்னைக்குப் பழக்கப்படுத்தியவர்களே அவர்கள்தான். உங்கள் மகன் அந்த வரிசையில் நிற்கிறார். உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நாடகம் அரங்கேறும் அன்று அவர்களையும் அழைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். வேலையை விடச் சொல்லி நாடகம் யாரையும் கேட்பதில்லை. அவரும் விட வேண்டியதில்லை.

எந்தக் குழு எப்போது ஆடிஷன் வைக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், போரூர்

குழுக்களின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களில் அறிவிப்பு வரும், பின்தொடருங்கள். ஆனால் நாடகம் பார்க்கப் போவதுதான் நல்ல வழி. கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழாவில் சபா நாடகக் குழுக்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸிலும் எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் வேறு வகை நாடகங்கள் நடக்கும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நாடகம் எங்கே நடந்தாலும் தவறவிடாதீர்கள். நடிகரின் உடம்பையும் குரலையும் பழக்குவது என்றால் என்ன என்று கண்ணால் பார்க்கலாம். எந்தக் குழுவின் நாடகம் உங்களுக்குப் பிடிக்கிறதோ, முடிந்ததும் வெளியே போய்விடாமல் காத்திருந்து, இயக்குநரிடம் நாடகத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தைச் சொல்லி, அடுத்த தேர்வு எப்போது என்று கேளுங்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் எங்களுக்கு அரங்கத்தைக் காலி செய்யும் அவசரம் இருக்கும். பெயரையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோனால் சுலபம்.