வானியல் பட்டப்படிப்பு: குடியாத்தம் தந்தையின் கேள்விக்கு

ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் வானியலில்தான் பட்டம் பெறுவேன் என்று நிற்பதாகவும், வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் அப்பிரிவு இல்லாததால் கடன் வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. நம் நாட்டில் வானியல் ஆய்வுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இளநிலையில் இயற்பியல் படித்தவர்களே. ஊரிசு கல்லூரியிலோ ஆக்சீலியத்திலோ பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தால் அவர் எதையும் இழக்கமாட்டார். விண்மீனின் ஒளியைப் பிரித்து, அதில் தெரியும் கருங்கோடுகள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் அது நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று கணிக்கிறார்கள். அதற்கு வேண்டிய ஒளியியலும் அணு இயற்பியலும் இந்தப் பாடத்திட்டத்திலேயே வருகின்றன. பைத்தான் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுவதை மட்டும் அவர் தனியாகக் கற்க வேண்டியிருக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் 'ஜாம்' என்னும் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் முதுநிலை படிக்கலாம். பின்னர் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் போன்றவற்றில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் நல்ல மதிப்பெண் இருந்தால் திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி அறிவியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யையும் பாருங்கள்.

அந்தப் பெங்களூரு நிறுவனத்தின் ஆய்வகம் நம் பழைய வடஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரிலேயே இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதற்குச் சற்று முன்பே அந்த விண்மீனின் ஒளி மங்கியதை அங்குள்ள தொலைநோக்கியும் பதிவுசெய்தது. அக்கோளுக்கு வளையங்கள் உண்டென்று தெரியவந்த நிகழ்வு அது. பொதுமக்களுக்கு அனுமதியுள்ள நாளை விசாரித்து, சேர்க்கைக்கு முன் மகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.