தோட்டத்தை விற்க வேண்டாம். பெண்ணின் நோட்டைத் திறந்து பாருங்கள்

அம்மா, சென்ற வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் வந்து, மகளின் நீட் மதிப்பெண்ணைக் குரல் தாழ்த்திச் சொன்னபோது, முதல் சில நிமிடங்கள் நானும் ஆறுதல்தான் சொன்னேன். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடத்துக்காகத் தோட்டத்தை விற்க முன்பணம் வாங்கிவிட்டோம் என்று நீங்கள் கூறியதும் அதை நிறுத்திக்கொண்டேன். அத்தகைய கல்லூரிகள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விடுதிச் செலவு தனி. கூட்டிப் பார்த்தால் தோட்டம் போதாது, வீட்டின் மேலும் கடன் ஏறும். யோசனை சொன்ன பெரியப்பா அந்தக் கடனில் ஒரு தவணையும் கட்டப்போவதில்லை.

ரத்தத்தைக் கண்டால் அவளுக்குத் தலை சுற்றும் என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அதே பெண் அப்பாவின் சர்க்கரை அளவை இரண்டு ஆண்டுகளாக நோட்டில் எழுதி, வெறும் வயிற்றில் எடுத்த அளவையும் சாப்பிட்ட பின் எடுத்ததையும் ஒரே வரிசையில் சேர்க்கக் கூடாது என்று தானாகவே பிரித்து, விருந்துக்குப் போய்வந்த நாட்களை வட்டமிட்டு வைத்திருக்கிறாள். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும்போது இரண்டுக்கும் நடுவே நிற்கிற வேலையை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. வயலில் நெல்தாள் கிழித்த கண்ணில் பூஞ்சை பற்றிப் புண்ணாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வோரிகோனசோல் என்ற புதியது நல்லதா என்ற கேள்விக்கு அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து விடை தேடின. மதுரை, கோவை, புதுச்சேரி மருத்துவமனைகளில் 323 நோயாளிகள் அந்தச் சோதனையில் சேர்ந்தார்கள். 2013இல் வெளியான முடிவு, பழைய மருந்துக்கே பார்வை கூடுதலாகத் தேறியதைக் காட்டியது. பியூசேரியம் என்ற பூஞ்சையால் வந்த புண்களில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. மருத்துவரிடம் நோயாளிகள் இருந்தார்கள், நேரம் இல்லை; பல்கலைக்கழகத்திடம் ஆய்வு முறை இருந்தது, நோயாளிகள் இல்லை. இரண்டையும் இணைக்க ஆட்கள் வேண்டும்.

அவர்கள் செய்வது எத்தனை பேரைச் சேர்த்தால் விடை நம்பத்தக்கதாகும் என்று கணக்கிடுவதில் தொடங்குகிறது. ஆராய்ச்சியால் நோயாளிகளுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர், அவர்களில் சட்டம் அறிந்த ஒருவரும் துறைசாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். முதல் நோயாளி சேரும் முன்பே மருத்துவச் சோதனையைத் தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். தரவு யாருக்குச் சொந்தம், நோயாளியின் பெயரை நீக்காமல் எதுவும் மருத்துவமனைக்கு வெளியே போகாமல் யார் காப்பது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதையெல்லாம் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பேசி முடிக்காவிட்டால், மூன்றாம் ஆண்டில் இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதுவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. எந்த மருந்து யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான் முடிவு செய்வோம் என்று ஒரு விவசாயிக்குப் புரியச் சொல்ல, கணக்கும் தெரிய வேண்டும், அவர் பேச்சும் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் வரும்.

அவள் கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தது நல்லதாயிற்று. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலுக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். அதன்பின் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுக்கான புள்ளியியல், முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டும். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் இத்தகையோருக்கு வேலை உண்டு. தொடக்கத்தில் அவை பெரும்பாலும் திட்டம் முடியும்வரை நீடிக்கும் ஒப்பந்தப் பணிகள். சம்பளமும் மருத்துவருக்குச் சமமாக இராது. அதை மறைத்து உங்களை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கடனில்லாமல் தொடங்குகிற ஒருத்திக்கு ஒப்பந்த வேலை சுமையாகாது. கோடி ரூபாய்க் கடனோடு தொடங்குகிறவளுக்கு நிரந்தர வேலையும் சுமைதான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். ஆறு மாத மருத்துவ ஆராய்ச்சி டிப்ளமோ, வேலை உறுதி என்று லட்சக்கணக்கில் கேட்கும் நிறுவனங்களுக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பட்டம் இல்லாமல் அந்தச் சான்றிதழை நம்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். கலைக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தச் சர்க்கரை நோட்டைக் கொண்டுவாருங்கள். பெரியப்பாவும் வருவதென்றால் வரட்டும்.